மூன்று விரற்கடை ஞானம்

பத்தொன்பது வருஷமாக யாருக்கும் தொந்தரவில்லாமல் படித்துக்கொண்டிருந்த எங்கள் நால்வரையும் ஒரு மார்ச் மாதம் பேரவை கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது என்பது என் வார்த்தையில்லை. கடிதத்திலேயே அப்படித்தான் இருந்தது: ‘தங்கள் குழுவைக் கண்டுபிடித்ததில் யூதக் கல்வி, பண்பாடு, படைப்பாற்றல் பேரவை பெருமகிழ்ச்சி அடைகிறது. தாங்கள் இதுவரை செய்துவந்ததைத் தொடர்ந்து செய்ய விண்ணப்பிக்கலாம்.’

கடிதம் ஸிம்ஜா குர்லாந்த் பெயருக்கு வந்திருந்தது. நூலகச் சாவி அவரிடம்தான் இருந்தது. ஸிம்ஜா ஓன்ஸே கடைத்தெருவில் ஜிப் வியாபாரி. பேன்ட் ஜிப், பை ஜிப், கூடார ஜிப் எல்லாம் அவர் கடையில் உண்டு. வயது அறுபத்து மூன்று. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். புதன்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை நன்றாகப் பேசுவார். மற்ற நேரங்களில் அவர் வாயைத் திறக்கவைப்பது துருப்பிடித்த ஜிப்பைத் திறப்பது மாதிரிதான்.

குழுவில் இன்னொருவர் பல் டாக்டர் ரெஜீனா அபுவாஃப். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்தே பேசும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அப்புறம் டாக்ஸி ஓட்டும் லீத்தோ. நாலாவது ஆள் நான், நஹூம். மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.

நூலகம் இருந்தது வில்லா கிரெஸ்போ பேட்டையில், ஒரு பழைய சங்கக் கட்டடத்தின் முதல் மாடியில். கீழே மேசைப்பந்து ஆடுவார்கள். பந்து தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மூவாயிரம் நூல்கள். கப்பலேறி வந்தவர்கள் துணிமூட்டையோடு கொண்டுவந்தவை, அவர்கள் காலமானதும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை. யூத மதச் சட்ட விவாத நூல்கள், பிரார்த்தனை நூல்கள், அவர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழி நாடகங்கள், பாட்டுப் புத்தகங்கள், ஒரு சதுரங்கக் கையேடு, கோழி வளர்ப்பு பற்றி மூன்று.

நாங்கள் படித்தது சட்ட விவாதங்களை. பெரிய பக்கம், நடுவில் மூலம், சுற்றிலும் உரைகள். தைத்த பக்கத்து உள் ஓரத்தில் ஓர் உரைகாரர் இருப்பார். நான்கே சொல்லில் முடிச்சை அவிழ்த்துவிடுவார். அவர் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற ஜிப் வியாபாரியும் மருந்துக்கடைக்காரனும் முதல் வரியையே தாண்டமாட்டோம். அந்த மாதம் நாங்கள் மாட்டிக்கொண்டிருந்த இடம் ஒரு வாத்து. அடுத்த வீட்டுக்காரனின் வாத்து என் கூரைமேல் ஏறி முட்டையிட்டால் முட்டை யாருடையது?

“கூரை யாருதோ அவனுக்குத்தான் முட்டை,” என்றான் லீத்தோ.

“உன் டாக்ஸியில ஒருத்தன் குடைய விட்டுட்டு எறங்கினா அது உன் குடையாடா?” என்றார் டாக்டரம்மா.

“அது குட்டி போட்டா குட்டி என்னுது.”

இப்படியே மூன்று வாரம் போயிருந்தது. அவசரம் ஒன்றுமில்லை. வாத்து செத்து ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆகியிருக்கும்.

விண்ணப்பம் கொடுக்க ஸிம்ஜாவோடு நானும் பேரவைக்குப் போனேன். ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம். இரண்டாம் மாடி கல்வி, மூன்றாம் மாடி பண்பாடு, நான்காம் மாடி படைப்பாற்றல். ஐந்தாம் மாடியில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் இயக்குநர். எங்களைச் சந்தித்தவர் ஒருங்கிணைப்பாளர் தமாரா ஸ்லூஸ்கி. அன்பான பெண்மணி. நாங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் “அருமை” என்றார்.

“நீங்க நாலு பேரும் என்ன பண்றீங்க சார்? படிக்கிறீங்களா?”

“ஆமாங்க,” என்றார் ஸிம்ஜா.

“அருமை. அப்போ ரெண்டாவது மாடி. படிக்கறப்போ ராகம் போட்டுப் படிப்பீங்களா?”

“ராகமில்லாம எப்படிங்க படிக்கிறது? எங்கே நிறுத்தணும்னே தெரியாதே.”

“அப்படின்னா அது பண்பாடு. மூணாவது மாடியிலயும் ஒரு படிவம் குடுக்கணும். புதுசா ஏதாவது சொல்வீங்களா?”

ஸிம்ஜா என்னைப் பார்த்தார். “எப்பவாவது லீத்தோ சொல்வான்,” என்றேன்.

“அது படைப்பாற்றல். முன் அனுமதி வேணும். புதுசா ஏதாவது தோணப்போகுதுன்னா பத்து வேலை நாளைக்கு முன்னாடியே நாலாவது மாடியில எழுதிக் குடுத்துடணும்.” பேனாவை எடுத்தார். “இப்போ படிக்கிற பகுதியோட முடிவு என்ன?”

“இன்னும் முடிவாகலைங்க.”

“எப்போ முடிவாகும்?”

“இதுல முடிவாகாதுன்னுதான் அந்தப் பெரியவங்களே எழுதி வச்சிருக்காங்க.”

தமாரா பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு எங்கள்மேல் நிஜமாகவே இரக்கம் வந்ததை நான் பார்த்தேன். “பத்தொன்பது வருஷமா, சார்?” என்றார்.

அடுத்த புதன்கிழமை அவரே மதிப்பீட்டுக்கு வந்தார். கையில் நேரம் குறிக்கும் கடிகாரம். ஓர் ஓரமாக உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டது எழுபத்து நான்கு முறை. மேசையைத் தட்டியது ஒன்பது முறை. ‘நீ ஒரு முட்டாள்’ என்ற கருத்து, பல வடிவங்களில், பதினொரு முறை. எட்டிய முடிவுகள்: இல்லை. பரிந்துரை: ‘உறுப்பினர்களிடையே ஆழ்ந்த பகைமை நிலவுகிறது. கற்பதற்குக் கற்றல் என்ற பயிற்சி முகாம் அவசியம்.’

“நமக்குள்ள பகையாம்டா,” என்றார் டாக்டரம்மா, லீத்தோவிடம்.

“இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லவேயில்ல பாத்தீங்களா,” என்றான் அவன்.

முகாமுக்குப் போனோம். போகாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். முதல் ஞாயிறு, எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் “நீங்கள் சொல்வதை மதிக்கிறேன்” என்று சொல்லிப் பழகினோம். இரண்டாம் ஞாயிறு, களிமண் கொடுத்து அவரவர் மனதில் இருக்கும் கேள்வியை உருவமாகச் செய்யச் சொன்னார்கள். லீத்தோ வாத்து செய்தான். டாக்டரம்மா கடைவாய்ப்பல் ஒன்று செய்தார். அச்சு அசலாக இருந்தது. ஸிம்ஜா களிமண்ணைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குத்தான் முதல் பரிசு. அதற்கு ‘மௌனம்’ என்று அவர்களே பெயர் வைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழோடு சேர்த்து ஒரு தகவலும் கொடுத்தார்கள். நூலகம் மேம்பாட்டுக்காக மூடப்படுகிறது.

இயக்குநர் எர்நான் பொலோத்னிக்கை அன்றுதான் முதலில் பார்த்தேன். உயரமான மனிதர்; கையைப் பிடித்தால் விடமாட்டார். ஸிம்ஜாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “சார், உங்க நூலகத்துக்கு ஒரு வருஷத்துல எத்தனை பேர் வர்றாங்க?”

“நாங்க நாலு பேர். குளிர்காலத்துல மூணு.”

“கேக்கவே கஷ்டமா இருக்கு. மூவாயிரம் நூல், நாலே பேர். அதே நூல்களை எங்க கட்டடத்து முகப்பில ஒரு ஞானச் சுவரா வச்சா தினம் ஐந்நூறு பேர் பாப்பாங்க. நூல்களுக்கு நீங்க இதைச் செய்ய வேண்டாமா?”

“படிக்கலாமில்லைங்க அங்கே?”

“சுவர் முன்னாடி யார் வேணா நிக்கலாம்,” என்றார் பொலோத்னிக்.

மறுநாள் தமாரா ஜிப் கடைக்கே வந்தார். கையில் பதினோரு பக்க ஒப்புதல் பத்திரம். ஸிம்ஜா முதல் பக்கத்தைப் படித்தார். நூல்களின் பெருமை பற்றி அழகாக எழுதியிருந்ததாம். அந்த நேரம் பார்த்து கூடார ஜிப் நாற்பது மீட்டர் வேண்டுமென்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஸிம்ஜா கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார், சாவியையும் கொடுத்தார். ஒரு வரியை மூன்று வாரம் படிக்கிற மனிதர் பதினோரு பக்கத்தை இரண்டே நிமிடத்தில் முடித்தது அந்த ஒரு தடவைதான்.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, எங்கள் பக்கத்துக் குளிர்காலம் முழுக்க, என் மருந்துக்கடையின் பின்னறையில் உட்கார்ந்தோம். கையில் நூல் இல்லை. ஞாபகத்திலிருந்து பேசினோம். சண்டைகூடச் சரியாக வரவில்லை. எழுத்து எதிரே இருந்தால்தான் ‘எங்கே போட்டிருக்கு, காட்டு’ என்று கேட்க முடியும்.

ஞானச் சுவர் திறப்பு விழா செப்டம்பரில். எங்களுக்கு மூன்றாம் வரிசையில் இடம். முதல் வரிசை நடுவில் எஸ்தெர் நுட்கோவிச் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். பிறந்தது வில்லா கிரெஸ்போ; கல்யாணமாகி சாவோ பாவுலோ போனவர். சுவர் கட்டியது அவர் கொடையில், அவருடைய அப்பா நினைவாக. அந்த அப்பா ஒரு தொப்பிக் கடைக்காரர். அவர் இறந்தபோது வீட்டிலிருந்த ஐம்பது அறுபது நூல்களும் எங்கள் நூலகத்துக்குத்தான் வந்தன.

திரை விலகியது. தரையிலிருந்து மூன்றாள் உயரத்துக்கு நூல்கள். பழுப்பும் கறுப்பும் சிவப்புமாக முதுகுகள், தங்க எழுத்துகள், கீழிருந்து மேலாக அடிக்கும் விளக்கு. நானே ஒரு கணம் எழுந்து நின்றுவிட்டேன், பொய் சொல்லக்கூடாது.

பொலோத்னிக் பேசினார். அந்தப் பேச்சை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

“நண்பர்களே, மக்களுக்கு நூல்கள் வேண்டுமா என்று நாங்கள் ஓர் ஆய்வு நடத்தினோம். வேண்டும் என்றார்கள். படிக்க வேண்டுமா என்று கேட்டோம். அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியைப் பேரவை மதிக்கிறது. ஒரு நூலுக்குள் ஆயிரம் பக்கம் இருக்கலாம். பக்கங்கள் கருத்து வேறுபாட்டை உண்டாக்குகின்றன. எங்கள் மதிப்பீட்டாளர் ஒரே மேசையில், ஒரே மாலையில், எழுபத்து நான்கு கருத்து வேறுபாடுகளை எண்ணியிருக்கிறார். ஆனால் நூலின் முதுகோடு யாராவது சண்டை போட்டதுண்டா? உள்ளடக்கம் நம்மைப் பிரிக்கிறது. முதுகு நம்மை இணைக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை எடையை இந்தச் சுவர் தாங்காது என்று பொறியாளர் சொன்னார். நூல்களா, சுவரா என்ற கேள்வி வந்தபோது பேரவை ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஸிம்ஜா தட்டவில்லை. “கடைசியா என்னமோ சொன்னாரே, என்னது அது?” என்றார் என் காதில்.

அதற்குள் எஸ்தெர் அம்மாள் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போயிருந்தார். கையெட்டும் உயரத்தில் பழுப்பு நிற முதுகு ஒன்று. நடுவே கிழிந்த இடத்தில் தொப்பித் தோல் வைத்து ஒட்டுப்போட்டிருந்தது.

“இது எங்கப்பா ஒட்டினது,” என்றார். “வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு இதுல பக்க ஓரமா ரெண்டு வரி எழுதுவார். எங்களுக்குக் காட்டவே மாட்டார். எடுத்துப் பாக்கலாமா?”

“அம்மா, தொடாம பாத்தா இன்னும் நல்லா இருக்கும்,” என்றார் பொலோத்னிக்.

அம்மாள் அதற்குள் இழுத்துவிட்டார். பசை விடும் சத்தம் கேட்டது. கையில் வந்தது முதுகும், அதோடு ஒட்டிய மூன்று விரற்கடை அகலத் தாளும். ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. சுவரில் அது இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை தெரிந்தது.

“மீதி எங்கே?” என்றார் அம்மாள்.

“எந்த மீதிம்மா?”

டாக்டரம்மா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தார், வரிசையாக, மேலும் கீழும். திரும்பி எங்களிடம் வந்து மெல்லச் சொன்னார்: “எல்லாமே அப்படித்தான். மூவாயிரத்தையும் அறுத்திருக்காங்க. உள் ஓரத்து உரை பூரா சுவத்துல போச்சு.”

பொலோத்னிக் கலங்கவில்லை. அந்த ஒப்புதல் பத்திரத்தை வரவழைத்து ஏழாம் பக்கத்தை எடுத்துப் படித்துக்காட்டினார். ‘நூல்கள் செங்குத்து வடிவில் நிரந்தரமாகக் காட்சிப்படுத்தப்படும். அவ்வடிவுக்கு உதவாத பகுதிகள் மரபுப்படி உரிய மரியாதையுடன் கையாளப்படும்.’ கடைசிப் பக்கத்தில் நூலகப் பொறுப்பாளரின் ஒப்பம். கூட்டம் மொத்தமும் ஸிம்ஜாவைத் திரும்பிப் பார்த்தது. எஸ்தெர் அம்மாளும் பார்த்தார். ஸிம்ஜா எழுந்து நின்றார், உட்கார்ந்தார்.

மரபு என்று அவர்கள் சொன்னது இதுதான். கிழிந்து, செல்லரித்து, இனிப் படிக்க முடியாது என்றாகிவிட்ட மறைநூல்களை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. மனிதரைப் போலக் கல்லறைத் தோட்டத்தில் புதைப்போம். பேரவை அந்த மரபை ஒரு சொல்லும் பிசகாமல் கடைப்பிடித்தது. முதலில் நூல்களை அறுத்தார்கள். அறுத்ததால் அவை பழுதாயின. பழுதானதால் அடக்கம் செய்வது கடமையாயிற்று. மறைநூல் எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்கும் ஆள் பேரவையில் இல்லை என்பதால், பாகுபாடு காட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டு, நாடகங்களையும் சதுரங்கக் கையேட்டையும் கோழி வளர்ப்பையும் சேர்த்தே பெட்டியில் அடைத்தார்கள். நாற்பத்தோரு பெட்டி. அடக்கம் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு. அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. எங்களுக்கும் வந்தது, நாங்கள் ‘துக்கத்தில் உள்ள குடும்பத்தார்’ பட்டியலில் இருந்தோம்.

அந்த வாரம் ஸிம்ஜா கடையைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மேசைமேல் பதினோரு பக்கப் பத்திரத்தின் நகல் இருந்தது. பக்க ஓரமெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார்.

“இங்க பாருங்க நஹூம், ‘உதவாத’ன்னா யாருக்கு உதவாத? அது சொல்லல. ‘உரிய’ன்னா யார் தீர்மானிக்கிறது? அதுவும் இல்ல. மூணு வாரம் உக்காந்தாக்கூட இதுல ஒரு வரி தேறாது. நான் பாக்கவேயில்ல, நஹூம். பாக்கத் தெரிஞ்ச ஒரே விஷயம் அதுதான் எனக்கு. அதையே பாக்கல.”

சாப்பிட்டீரா என்று கேட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஞாயிறு வானம் மூடிக்கிடந்தது. லீத்தோவின் டாக்ஸியில் நால்வரும் போனோம். நகருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தின் கோடியில் கழுத்தளவு ஆழத்துக்குக் குழி. பக்கத்தில் இரண்டு தள்ளுவண்டியில் பெட்டிகள். பேரவை ஊழியர்கள் கறுப்பு உடையில் வந்திருந்தார்கள். எஸ்தெர் அம்மாள் தனியாக நின்றார், கையில் ஒரு துணிப்பை. அந்த முதுகு அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

“இன்று அறிவை மண்ணுக்குத் திருப்பித் தருகிறோம்,” என்று பொலோத்னிக் தொடங்கினார். “இந்தப் பக்கங்கள் தங்கள் கடமையை முடித்துவிட்டன. இவற்றுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த வாசகனும் தந்ததில்லை, ஏனென்றால் எந்த வாசகனும் இவற்றை விட்டுவைக்கவில்லை. அடிக்கோடு போட்டார்கள், ஓரத்தில் கிறுக்கினார்கள், தேநீர்க் கறை ஆக்கினார்கள். இனி அந்தத் தொல்லை இல்லை.”

அவர் இரண்டாம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஸிம்ஜா நடந்துபோய்க் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். எல்லோரும் அவர் அழுகிறார் என்று நினைத்தார்கள். அவர் மெல்லக் காலைத் தொங்கவிட்டு, சறுக்கி, உள்ளே இறங்கிவிட்டார். தலைமட்டும் வெளியே தெரிந்தது.

“சார்! என்ன சார் பண்றீங்க?” என்றார் தமாரா.

“இது செத்துப்போகலைங்க,” என்றார் ஸிம்ஜா குழிக்குள்ளிருந்து. புதன்கிழமைக் குரல். “படிக்க முடியற பக்கத்தைப் பொதைக்கக் கூடாது. உசிரோட இருக்கறதைப் பொதைக்கிற மாதிரி அது. கையெழுத்து போட்டது நான். பெட்டிய வைக்கணும்னா என் மேல வைங்க.”

பொலோத்னிக் குழிவெட்டிகளின் தலைவரைக் கூப்பிட்டார். எவரிஸ்தோ என்று பெயர், பராகுவேக்காரர். “இவரை வெளியே எடுங்க.”

எவரிஸ்தோ எட்டிப் பார்த்தார். “ஐயா, குழிக்குள்ள உசிரோட ஆள் இருக்கக்கூடாதுன்னு எங்களுக்கு விதி ஒண்ணும் இல்லீங்க. இதுவரைக்கும் யாரும் எறங்கினதில்ல. ஆனா குழிக்குள்ள போன ஆளை வெளியே எடுக்கணும்னா நீதிமன்ற உத்தரவு வேணும். அதுக்கு விதி இருக்கு.”

“அது செத்தவங்களுக்கு!”

“விதியில அப்படிப் பிரிச்சுப் போடலைங்களே,” என்றார் எவரிஸ்தோ. அவர் கிண்டல் செய்கிறாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தமாரா எங்கோ தொலைபேசினார். கல்வி மாடி, இது பண்பாட்டு விஷயம் என்றது. பண்பாட்டு மாடி, குழிக்குள் இறங்குவது புதுமை, ஆகவே நான்காம் மாடி என்றது. நான்காம் மாடியில் ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. பொலோத்னிக் மணிக்கட்டைப் பார்த்தார். பகல் விருந்துக்கு நேரமாகிவிட்டது. புகைப்படக்காரரை அழைத்து, ஸிம்ஜாவின் தலை தெரியாத கோணத்தில் குழியையும் பெட்டிகளையும் தம்மையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

பிறகு எங்களிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க துக்கம் எனக்குப் புரியுது,” என்றார். எல்லோரும் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் பேரவையின் செய்திமடலில் அந்தப் படம் வந்தது. ‘அடக்கம் மாண்புடன் நிறைவுற்றது.’ அதன்பின் நாங்கள் எந்த நூலகத்தின் கதவைத் தட்டினாலும் ஒரே பதில்தான். இவை புதைக்கப்பட்டுவிட்டனவே, புதைத்ததை எப்படி வாங்கிக்கொள்வது? ஆகவே அவை ஓன்ஸேயில் ஜிப் கடையின் நிலவறையில், ஆவணப்படி இல்லாத நூல்களாக, இன்றும் இருக்கின்றன.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பேருந்து திரும்பிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிகளோ அட்டைப் பெட்டிகள். லீத்தோவும் எவரிஸ்தோவும் ஸிம்ஜாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். வாசல்பக்கம், வெளியே போகிறவர்கள் கை கழுவும் தொட்டிக்குமேல் ஒரு தகரக் கூரை உண்டு. பெட்டிகளை அங்கே சுமந்தோம். குழிவெட்டிகள் மூன்று பேரும் சுமந்தார்கள். டாக்டரம்மா தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தார். கடைசி ஆறு பெட்டிகளின் அடி ஊறி விட்டுப்போய், தாள்கள் சேற்றில் கொட்டின. ஒன்றொன்றாகப் பொறுக்கினோம். பாதி பிய்ந்து கையோடு வந்தது.

எஸ்தெர் அம்மாள் கூரைக்கடியில் மண்டியிட்டுப் பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டிருந்தார். அப்பாவின் கையெழுத்தைத் தேடினார். முதுகு இல்லாததால் எது எந்த நூலின் தாள் என்றே தெரியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஏழு பெட்டி பார்த்தார். எட்டாவதைத் திறந்து, உடனே மூடிவிட்டார்.

ஸிம்ஜா சேறு படிந்த சட்டையோடு தூணில் சாய்ந்து நின்றார்.

“நீங்கதான் கையெழுத்து போட்டீங்களா?” என்றார் அம்மாள், திரும்பாமலே.

“ஆமாம்மா.”

“படிச்சுப் பாத்தா?”

“முதல் பக்கம் மட்டும்.”

அம்மாள் அவரை வையவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கைக்கெட்டிய பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“எனக்கு இதைப் படிக்கத் தெரியாது. எங்கப்பா சொல்லிக்குடுக்கல. நீங்க படிங்க.”

ஸிம்ஜா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். “ஆழமா அறுத்திருக்காங்கம்மா. உரை மட்டுமில்ல, மூலத்துலயும் ரெண்டு சொல் போயிருக்கு. இந்தப் பக்கம் எந்த வரிக்கும் தொடக்கம் இல்ல. திருப்பினா எந்த வரிக்கும் முடிவு இல்ல.”

“இருக்கறதைப் படிங்க.”

எவரிஸ்தோ மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றினார். “எங்க வழக்கத்துல போட்டுக்கணும்யா,” என்று டாக்டரம்மா சொல்ல, மறுபடி மாட்டிக்கொண்டார். ஸிம்ஜா ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, ராகம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். அறுபட்ட இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, போன சொற்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.